மதியம் இரண்டு மணிக் கதை

சூடேறிய தூசிக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. வெயிலில் கிடந்த பழைய புத்தகமும், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஈரத்துணியும், கொஞ்சம் செம்புக் கம்பியும் கலந்த வாசனை. போன வாரம் பிரேசர் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் மெஷினின் முதுகைத் திறந்து எதையோ நோண்டிவிட்டு மறுபடி போட்டார். அது முனகியது, சூடானது, அந்த வாசனை வந்தது. எதை நகல் எடுக்கப் போனேன் என்பதே மறந்துவிட்டது. "எத்தன காப்பிம்மா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். நான் அங்கே இல்லை. ஜோகுபாளையத்தில், என் வீட்டு ஹாலில், மதியம் இரண்டு மணியில் நின்றிருந்தேன். இடுப்பில் ஒரு கனம் இருந்தது. அதற்குத் தோதாக உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துகூட விட்டது.

அந்தக் கனத்துக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. என் பேத்தி இல்லை. எதிர்ச்சந்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்த ஒரு சேலத்துப் பெண்ணின் குழந்தை. அந்தப் பெண்ணுக்கு ஐ.டி. வேலை. புருஷன் ஆபீஸ் வேலையாக ஒரு வருஷத்துக்கு ஜெர்மனி போயிருந்தார். காலை எட்டேகாலுக்குக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு மாலை ஆறரைக்கு வந்து எடுத்துப் போவாள். என் மகன் புனேவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டுக்காரர் விடிந்ததும் ஒயிட்ஃபீல்டு பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்க வீடு எங்கள் இருவருக்கும்தான். பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை என்று அதற்குப் பெயர். பாதி நேரம் அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சர்க்கரை கூடாது. கடை பிஸ்கட் கூடாது. மூன்று மணிக்கு மேல் தூங்க விடக்கூடாது. "அப்புறம் ஸ்கிரீன் வேணாம் ஆன்ட்டி. ரெண்டு வயசு வரைக்கும் எதையும் காட்டாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவ அப்பாவோட வீடியோ கால் மட்டும்தான், அதுவும் பத்து நிமிஷம்." சரிம்மா என்றேன். ஸ்கிரீன் என்றதும் எனக்குத் தோன்றியது கைபேசி. அதை நான் ஒருநாளும் குழந்தையிடம் கொடுத்ததில்லை. ஹாலின் மூலையில், பூப்போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருந்த என் பெட்டி டிவி அந்தத் தாளுக்குள் வரும் என்று முதல் வாரம் எனக்குப் படவே இல்லை. மகன் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கியது. பீரோ மாதிரி, அரிசி டிரம் மாதிரி, அது ஒரு சாமான்.

முதல் வாரம் என்று சொன்னேன். மீதி மாதங்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது.

ஒரு வயது முடிந்த கையோடு என்னிடம் வந்தவள். வந்த புதிதில் குழந்தை அழுதாள். பசிக்கோ வலிக்கோ அழுகிற அழுகை இல்லை. கதவைப் பார்த்து, ஒரே சுருதியில், வேலை மாதிரி அழுதாள். வாயில் வைத்த சோற்றை அப்படியே வெளியே விட்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரை வரை நடந்தேன். பஸ் காட்டினேன், மெட்ரோ காட்டினேன், தெருவில் தூங்கிய நாயை எழுப்பிக்கூடக் காட்டினேன். எனக்கே ஓரிடத்தில் உட்கார வராது. என் கால்களும் அவள் தொண்டையும் போட்டி போட்டன. நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்குக் கால்கள் தோற்றன. பாயில் உட்கார்ந்து, எனக்காக, எனக்காக மட்டும், டிவியைப் போட்டேன்.

பழைய தொடர்களை மட்டும் திரும்பத் திரும்பப் போடும் ஒரு சேனல் இருந்தது. இரண்டு மணிக்கு ஒரு கதை. வாடகை வீட்டில் ஒரு குடும்பம், மூத்த பெண்ணுக்கு டெலிபோன் ஆபீசில் வேலை. அவ்வளவுதான். யாரும் யாரையும் விஷம் வைத்துக் கொல்ல மாட்டார்கள். கதவைச் சாத்தினால் சுவரே ஆடும், ஏனென்றால் அது அட்டைச் சுவர். மழை ஜன்னலுக்கு மட்டும் பெய்யும். அந்தக் காலத்தில் அவர்களுக்கு அவசரமே இல்லை. அப்பா காபி குடித்தால், குடித்து முடிக்கிறவரை காட்டுவார்கள். டபராவில் ஆற்றுவதையும் காட்டுவார்கள்.

அந்த அப்பா தம்ளரைத் தூக்கியபோது குழந்தை அழுகையை நிறுத்தினாள். அவர் ஒரு வாய் குடித்தார். இவள் வாயைத் திறந்தாள். நான் ஒரு கவளம் வைத்தேன். முழுங்கிவிட்டாள்.

எட்டு மாதம் அப்படித்தான் போனது. அவர்கள் சாப்பிட்டால் இவள் சாப்பிடுவாள், அவர்கள் குடித்தால் குடிப்பாள், டெலிபோன் அடித்தால் எழுந்து நின்றுகொள்வாள். சுவர் ஆடினால் இரண்டு பேரும் சிரிப்போம். நாற்பது நிமிடம். அதற்குள் இரண்டு மூன்று தடவை படம் இழுத்துக்கொள்ளும். மூத்த பெண்ணின் முகம் ஒரு பக்கமாக நீண்டு, கோடு கோடாக நின்றுவிடும். நான் எழுந்துபோய் டிவியின் வலது விலாவில் உள்ளங்கையால் இரண்டு அடி வைப்பேன். பட், பட். முகம் திரும்ப வந்துவிடும். பெட்டி டிவி வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த இடம், எவ்வளவு பலம் என்று கைக்கே தெரியும்.

ஆறு மணியானால் துணியைப் போர்த்துவேன். ஜன்னலைத் திறப்பேன். சூட்டுத் தூசி வாசனை போக ஊதுபத்தி ஏற்றுவேன். "உங்க வீட்டுக்குள்ள வந்தாலே கோயில் மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்பாள் அந்தப் பெண். நான் சிரித்துக்கொண்டு குழந்தையின் ஸ்வெட்டருக்குப் பொத்தான் போடுவேன்.

அது ஒரு வியாழக்கிழமை. எட்டேகாலுக்குப் படியேறி வந்தவள் வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்தாள். கண் மட்டும் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, நேத்து இவ என்ன பண்ணா தெரியுமா? அவங்க அப்பா லேப்டாப்ல பேசிட்டு இருக்கார். நெட்டு போயி மூஞ்சி அப்படியே ஃப்ரீஸ் ஆயிடுச்சு. வாய் தொறந்தபடி நிக்கிறார் மனுஷன். இவ நேரா போயி லேப்டாப்ப சைடுல பட் பட்டுன்னு ரெண்டு அடி. நான் புடிக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு. எங்க வீட்டுல யாரும் எதையும் அடிக்க மாட்டோமே. எங்க கத்துக்கிட்டா இத?"

என் கையில் பால் பாத்திரம் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன்.

"குழந்தைங்கன்னா அப்படித்தான்மா. கை துறுதுறுன்னு இருக்கும்" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்." குழந்தையை என் இடுப்புக்கு மாற்றினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, அன்று முழுக்க என்னைக் குடையப் போவதைச் சொன்னாள். "ஆபீஸ் க்ரெச்சுல, அங்கயே குழந்தைங்கள பாத்துப்பாங்களே, ஒரு சீட்டு காலியாயிருக்காம் ஆன்ட்டி. இன்னைக்குள்ள பதில் சொல்லணுமாம். கேமராலாம் இருக்கு, டெஸ்க்குல இருந்தே பாக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா எனக்கு கேமராலாம் எதுக்கு? நீங்க இருக்கீங்க. சாயந்திரம் வீட்டுக்குப் போயி வேணாம்னு எழுதிடறேன்."

பாதிப் படி இறங்கி நின்று, "ராகி தீந்துபோச்சுன்னு சொன்னீங்கல்ல, முளை கட்டினது பையில வச்சிருக்கேன்" என்று கத்திவிட்டுப் போனாள்.

என்னை நம்பித்தான் அவள் அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதப் போகிறாள். அவள் நம்புகிற ஆள் நான் இல்லை. ஆறரைக்குள் சொன்னால் குழந்தை போய்விடும். சொல்லாவிட்டால் இருப்பாள். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததால்தான் என்னால் வீட்டில் நிற்க முடியவில்லை. முளைகட்டிய ராகி டப்பாவை ஒரு கையிலும் குழந்தையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மாவு மில்லில் கூட்டம். உள்ளே நின்றால் பேச்சு கேட்காது, தரை அதிரும், புருவம் வெள்ளையாகிவிடும். அங்கே போகும்போதெல்லாம் குழந்தை ஒரு காரியம் செய்வாள். சத்தம் பிடிக்காது, ஆனால் தன் காதைப் பொத்த மாட்டாள். என் காதைப் பொத்துவாள். இரண்டு சின்னக் கைகளால், என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு. அன்றும் பொத்தினாள். மற்ற நாளில் அது எனக்குச் சிரிப்பு. அன்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மில்காரர் தலையில் கட்டிய துண்டை உதறினார். "ஏன்மா, இந்தப் பாப்பாவையும் போட்டு அரைச்சுத் தந்துடவா? நல்ல நைஸ் மாவா வரும்."

குழந்தை என் தோளில் முகத்தைப் புதைத்து, ஒரு கண்ணால் மட்டும் அவரைப் பார்த்தாள்.

"ஆறவிட்டு டப்பால போடுங்க. போன தடவ சூட்டோட மூடி வச்சிட்டு எங்கிட்ட வந்து சண்ட போட்டீங்க."

"நான் எப்பய்யா சண்ட போட்டேன்?"

"இதுக்குப் பேரு என்னவாம்?" என்று அவர் சிரித்தார்.

வெளியே வந்தால் கீரைக்காரப் பெண். தண்டுக்கீரை வாங்கப் போனவள், அவள் "சொப்பு ஃப்ரெஷ்ஷு அக்கா, தகொள்ளி" என்று, கீரை புதுசு வாங்கிக்கோ என்று கன்னடத்தில் சொல்லி, நீட்டியதை அப்படியே வாங்கிப் பையில் போட்டேன். பாதி வழியில்தான் பார்த்தேன்: இரண்டு கட்டு சப்பசிகே, சதகுப்பைக் கீரை. அந்த வாசனை வந்தால் என் வீட்டுக்காரர் தட்டோடு வெளியே போய்விடுவார். திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. கால்கள் வேறு ஒரு திட்டத்தோடு மெட்ரோ பாலத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தன.

அங்கே ஒரு குஜரிக் கடை உண்டு. பழைய இரும்பு, பேப்பர், உடைந்த நாற்காலி எல்லாம் எடுப்பார்கள். டிவியையே ஒழித்துவிடலாம் என்று நினைத்தேன். டிவி இல்லாத வீட்டில் டிவி பார்த்த குற்றம் எப்படி இருக்கும்? வயசு ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி, ராகி மாவும் தப்பான கீரையும் ஒரு குழந்தையுமாக நின்று, இப்படித்தான் யோசித்தேன்.

கடைக்காரர் தராசு மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "டிவியா? எல்.இ.டி.யா அம்மா?"

"இல்ல பாய். பெட்டி டிவி."

"அரே, அது எதுக்கு எனக்கு? அந்தப் பின்னாடி பாருங்க, ஏழு நிக்குது. ஒண்ணுக்குள்ள பூன குட்டி போட்டிருக்கு. தூக்கவே ரெண்டு ஆளு வேணும்."

"சும்மாவே எடுத்துக்கங்க."

"சும்மா குடுத்தாலும் வேணாம்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடுதா?"

"ஓடுது. தட்டினா ஓடும்."

"ஓடுறத எதுக்கும்மா போடுறீங்க? பாப்பா இருக்கே, பாப்பா பாக்கட்டும்."

பூனைக்குட்டிகளைக் காட்டச் சொல்லிக் குழந்தை கையை நீட்டினாள். காட்டினேன். உடைந்த டிவிக் கூட்டுக்குள், கண்ணாடி இருந்த இடத்தில், மூன்று சாம்பல் உருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்று தூங்கின. குழந்தை வெகுநேரம் பார்த்தாள். இதைப் பார்த்தது எந்தக் கணக்கில் வரும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றி, நானே வெட்கப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளைக் குளிப்பாட்டி, சாதம் குழைத்து, பருப்பைக் கடைந்தேன். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவளுக்குக் கடிகாரம் தேவையில்லை. குழம்பு தாளித்த சத்தம் அடங்கி, கீழ்வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கத்துக்குக் கதவைச் சாத்தும் சத்தம் வந்தால் அவளுக்கு இரண்டு மணி. பாயில் வந்து உட்கார்ந்தாள். தன் குட்டி எவர்சில்வர் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு டிவிக்கு லீவு குட்டி" என்றேன்.

லீவு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? எழுந்தாள். மேஜைக்குப் போய்த் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். துணி அவள் தலைமேலேயே விழுந்தது; விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கறுத்துக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தாள். வலது பக்கம் போனாள். எட்டவில்லை, நுனிக்காலில் நின்றாள். பட், பட். திரும்ப முன்னால் வந்து, கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, காத்திருந்தாள்.

அழவில்லை. கோபமும் இல்லை. போன ஆள் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்கத் தயாராக நின்றாள். மறுபடி போய்த் தட்டினாள். மறுபடி வந்து நின்றாள். அந்தக் கண்ணாடியில் அவள் நிழலும், பின்னால் சமையலறை வாசலில் என் நிழலும் தெரிந்தன.

ரிமோட் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது என்ன? டிவி போட்டால்தான் குழந்தை சாப்பிடுகிறாள். சரி, அதையாவது சோதித்துப் பார்க்கலாமே. ஒரு தம்ளரில் எனக்குக் காபி ஊற்றிக்கொண்டேன். டபராவில் ஊற்றி, நிதானமாக, கையை உயர்த்தி ஆற்றினேன். பாயில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். தன் தம்ளரைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நான் குடித்தேன். அவள் குடித்தாள். ஒரு கவளம் வைத்தேன், முழுங்கினாள். கிண்ணம் காலியாகிற வரை அப்படியே போனது. இடையில் ஒருமுறை அவள் கதவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சுவர் ஆடவில்லையே என்கிற மாதிரி. நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக் காட்டினேன். எங்கள் வீட்டுச் சுவர் ஆடாது. ஆனாலும் சிரித்தாள்.

அவள் தூங்கிய பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் எதிரில் உட்கார்ந்து குடித்தால் போதும் அவளுக்கு. அந்த ஆள் நானாக இருந்திருக்கலாம், முதல் நாளிலிருந்தே. நாற்பது நிமிடம் அந்த வாடகை வீட்டுக்குப் போய்விட்டு வர வேண்டியிருந்தது எனக்குத்தான். அங்கே எல்லோரும் இருந்தார்கள், ஒரே நேரத்தில், ஒரே ஹாலில். குழந்தையை நான் துணைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

மாலை தூறல் போட்டது. ஊதுபத்தி ஏற்றவில்லை. ஏற்றவும் அன்று தேவை இருக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று அடுப்படியில் நின்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் நல்லவளாகத் தெரிந்தேன். அதனால் எதுவும் சரிப்படவில்லை.

ஆறரைக்கு அவள் வந்தாள், துப்பட்டாவைத் தலையில் போட்டபடி. குழந்தை ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் உட்காரும்மா."

"மழ புடிச்சுக்கும் ஆன்ட்டி, நாளைக்கு..."

"காலையில நீ கேட்டல்ல, எங்க கத்துக்கிட்டான்னு. எங்கிட்டதான்."

அவள் புரியாமல் சிரித்தாள். நான் டிவி பக்கம் கையைக் காட்டினேன். துணி போர்த்தாமல் இருந்தது. "அது படம் நின்னுபோனா நான் தட்டுவேன். அதப் பாத்துதான் கத்துக்கிட்டா. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு பழைய கதை போடுவான். ரெண்டு பேரும் பாப்போம்."

சிரிப்பு நின்றது. "எப்பவாவதா?"

"தினமும். சனி ஞாயிறு தவிர."

"எத்தன நாளா?"

"நீ கொண்டுவந்து விட்ட நாலாம் நாள்லேருந்து."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பை தோளிலேயே இருந்தது. "எழுதிக் குடுத்தேனே ஆன்ட்டி."

"குடுத்தே."

"காலையில வாய்விட்டே கேட்டேன். நீங்க குழந்தைங்கன்னா அப்படித்தான்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். நீ க்ரெச்சு பத்திச் சொன்னதும் இன்னும் பயமாப் போச்சு. நீ எழுதறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் இப்பச் சொல்றேன். அங்க விட்டாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." கடைசி வாக்கியமும் பொய்தான். அது இருவருக்குமே தெரிந்தது.

வெளியே ஓட்டின் மேல் தூறல் கொஞ்சம் வலுத்தது. குழந்தை அம்மாவின் பையில் கையை விட்டு ஐ.டி. கார்டை உருவி, தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றி நடந்தாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்து, என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்த நேரத்தில், வேறு எதையோ யோசிக்கிற முகமாக மாறியது.

"படம் நின்னா தட்டுவீங்களா?"

"ஆமா. தட்டினா மூஞ்சி திரும்ப வந்துடும்."

"அடிக்கறதுக்கு இல்ல."

"அடிக்கறதா? சே. சரி பண்றதும்மா அது. மத்தியானம் கூட ஓடாத டிவிய ரெண்டு தட்டு தட்டிட்டு, முன்னாடி வந்து நின்னா. யாராவது வருவாங்கன்னு நிக்கிறா."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் காலையில் சிரித்துக்கொண்டே விழுங்கியதைச் சொன்னாள்.

"அவர் நேத்து தூங்கவே இல்ல ஆன்ட்டி. நெட்டு வந்ததும் அவருக்குத் தெரிஞ்சது இவ ஓங்கி ஓங்கி அடிக்கறதுதான். 'எம்மேல கோவம் அவளுக்கு, விட்டுட்டு வந்துட்டேன்ல, என் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல'ன்னு ஒரே புலம்பல். வேலைய விட்டுட்டு வந்துடறேங்கறார். நானும் ஆமா போலன்னு நெனச்சிட்டேன். அழுதுட்டேதான் தூங்கினேன். காலையில உங்ககிட்ட சிரிச்சு சொன்னா சரியாப் போயிடும்னு பாத்தேன்."

ஒரு நாள் முழுக்க நான் என் குற்றத்தைத்தான் சுமந்துகொண்டு மில்லுக்கும் குஜரிக் கடைக்கும் அலைந்திருந்தேன். அதற்குள் எங்கேயோ ஒரு அறையில் ஒரு மனிதர் தன் மகள் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

"அவர வரவைக்கப் பாத்திருக்காம்மா இவ" என்றேன். "நின்னுபோயிட்டாரே, தட்டினா வந்துடுவார்னு."

அவள் தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்ன கதை அது?"

சொன்னேன். டெலிபோன் ஆபீஸ் பெண்ணை, ஆடுகிற சுவரை, ஜன்னலுக்கு மட்டும் பெய்கிற மழையை. காபி குடிக்கிற அப்பாவைச் சொல்லும்போது குழந்தை வந்து தம்ளரைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் அதை அடக்கிக்கொண்டாள், எனக்கு அதைத் தர அவளுக்கு இன்னும் மனமில்லை. நியாயம்தான்.

எழுந்தாள். மகள் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி, ஸ்வெட்டரை அவளே மாட்டிவிட்டாள். மற்ற நாளில் அது என் வேலை. நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராகி மாவு டப்பாவில் பாதியை அவளிடம் கொடுத்தேன், ஆறவிட்டு மூடச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள். இரண்டு கட்டுக் கீரையையும் கொடுத்தேன். அதையும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

படியில் விளக்கைப் போட்டேன். துப்பட்டாவைக் குழந்தையின் தலைக்கும் சேர்த்து இழுத்துவிட்டபடி இறங்கினாள். தூறலில் குழந்தை முகத்தை உயர்த்தி நாக்கை நீட்டினாள். கடைசிப் படியில் அவள் நின்றாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்பப் போயி மொதல்ல அவர்கிட்ட சொல்றேன். க்ரெச்சுக்கு வேணாம்னும் எழுதிடறேன். ஆனா எனக்குக் கோவம் இன்னும் போகல ஆன்ட்டி."

"போக வேணாம்மா" என்றேன் மேலிருந்து. "மெதுவாப் போகட்டும்."

"நாளைக்கு எட்டேகாலுக்கு வரேன். அப்பவும் இருக்கும்."